ஆறு இலக்கச் சம்மதம்

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பார்கள். பெண் பார்க்க வந்தவர்களுக்கு ரொம்ப வசதியான வாக்கியம் அது. ஆஸ்பத்திரியில் அந்த மௌனத்தின் இடத்தில் இப்போது ஓடிபி உட்கார்ந்திருக்கிறது.

முழங்கால் வலி என்று அம்மாவை ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் ஆதாரை வாங்கிக்கொண்டு, "ஃபோனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கம்மா" என்றாள். அம்மா ஃபோனை எட்டப் பிடித்து ஒவ்வொரு எண்ணாக வாசித்தாள். 14 இலக்க ஆபா எண் பிறந்துவிட்டது. "எதுக்குடா இது?" என்று அம்மா என்னிடம் கேட்பதற்குள் அடுத்த டோக்கன். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன், வரிசை வாசல்வரை நின்றது.

காகிதத்தில் ஏற்பாடு மோசமில்லை. 2021இல் நாடு முழுக்க விரிந்த ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனில் ஆபா கட்டாயமில்லை. மருத்துவப் பதிவுகள் அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். இன்னொரு டாக்டர் பார்க்க வேண்டுமென்றால் யார், எதற்காக, எந்தத் தேதி முதல் எதுவரையான பதிவுகள், எத்தனை நாளைக்கு என்று நோயாளியிடம் கேட்க வேண்டும். மறுக்கலாம். கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்கலாம்.

ஆட்டோவில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மா ஒன்றுதான் கேட்டாள்: "அந்த மாத்திரையும் தெரிஞ்சிடுமா?"

அப்பா போனபின் இரண்டு வருடம் மனநல மருத்துவரிடம் காட்டினாள். சித்திக்குக்கூடத் தெரியாது. இதை எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதிக்கோ, ஊர் பேரு மட்டும் வேணாம்" என்றாள். எது, எவ்வளவு, யாருக்கு என்று அவளுக்கு நன்றாகவே தெரிகிறது. கேட்கத்தான் ஆள் வேண்டும்.

அவள் பயம் வீண் பயமில்லை. எச்ஐவி தொற்று இருப்பதை மருத்துவமனை வெளியே சொன்னதால் கல்யாணம் நின்றுபோன ஒருவர் உச்ச நீதிமன்றம்வரை போனார். தீர்ப்பில் அவர் பெயர் 'மிஸ்டர் எக்ஸ்'. 1998இல் நீதிமன்றம் மருத்துவமனையின் பக்கம் நின்றது. எச்ஐவி விவரத்தை வெளியிட எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்று, சில விலக்குகளோடு, சட்டம் வர 2017 ஆனது. மனநல சிகிச்சை விவரங்களைக் காக்கும் சட்டமும் அதே வருடம்தான்.

"இது இல்லாமலும் டாக்டரைப் பார்க்கலாம்மா" என்று கவுன்ட்டரில் சொல்ல நேரமில்லையென்றால், பெரிய எழுத்தில் தமிழில் அச்சடித்துக் கண்ணாடியில் ஒட்டட்டும். பார்க்கிங் கட்டணத்தை அப்படித்தான் ஒட்டியிருக்கிறார்கள்.