பாட்டு கேட்கிறது, பாடம் கேட்கவில்லை

நம் வீடுகளில் எப்பொருளை வாங்கினாலும் அதன் தரமறிய ஒரு வழி வைத்திருக்கிறோம். அரிசியை உள்ளங்கையிலிட்டு முகர்ந்து பார்க்கிறோம். மண்பானையை விரலாற் சுண்டிப் பார்க்கிறோம். சேலையை வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பார்க்கிறோம். ஆனால் காதிற் பொருத்திக் கேட்கும் ஹெட்போனை மாத்திரம் பெட்டியின் மேலுள்ள படத்தையும் விலைச் சீட்டையும் பார்த்து வாங்கி வந்துவிடுகிறோம். காதுக்குரிய பொருளைக் கண் தெரிவு செய்கிறது. அது பழுதுபட்டால் காரணம் தேடுவாரில்லை. மூலையில் எறிந்துவிட்டு இன்னொன்று வாங்குகிறோம்.

சிறு பொருள்தானே, இதற்கொரு கட்டுரையா என்று வாசகர்கள் எண்ணக்கூடும். கண்டியிலிருந்து தலாத்துஓயா வழியே மலையேறி வரும் எமது ஹேவாஹெட்டப் பகுதியில் இது சிறு பொருளன்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் கொரோனாவினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடம் கைத்தொலைபேசிக்குள் குடியேறியது. பாடசாலைகள் திறந்த பின்னரும் அது முற்றாக வெளியேறவில்லை. க.பொ.த. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் பலர் பதிவு செய்யப்பட்ட பாடங்களை இரவில் கேட்டே படிக்கின்றனர். தோட்டத்து லயக் காம்பராவிலோ சுவர் மெல்லியது. ஒரு புறம் பாட்டனாரின் இருமல். மறு புறம் தொட்டிற் குழந்தையின் அழுகை. அடுத்த வீட்டிலே தொலைக்காட்சி நாடகம். தனி அறை இல்லாத பிள்ளைக்கு அந்த ஹெட்போன்தான் படிப்பறை. இரு காதுகளையும் அடைத்துக்கொண்டால் ஓர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டதற்கு ஒப்பாகும்.

அந்தப் படிப்பறையின் விலையும் சிறிதன்று. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. இடையில் 2022இல் வந்த பொருளாதார நெருக்கடியில், ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபா வரை சென்றது. ஹெட்போன் போன்றவை இறக்குமதிப் பண்டங்கள். அவற்றின் விலையும் உடன் ஏறிற்று. ஆகவே ஒரு நாட் கொழுந்தின் கூலியைக் கொடுத்து வாங்குவதைப் பார்த்து வாங்குவதும், வாங்கியதைப் பழுது பார்த்துப் பயன்படுத்துவதும் கஞ்சத்தனமாகா, இல்லறக் கடமையாகும்.

காதிற் பொருத்திக் கேட்பது இன்றைய நாகரிகம் என்று முதியோர் சிலர் குறை கூறுவதுண்டு. உண்மையில் வானொலியே காதிற் பொருத்திக் கேட்பதாகத்தான் பலருக்கு அறிமுகமாயிற்று. 1910ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியேல் போல்ட்வின் என்பார் தமது சமையலறையிலேயே இக்கருவியைச் செய்து அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பினார். கொழும்பில் முறையான வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16ஆம் நாள் தொடங்கியது. அந்நாளைய எளிய படிகப் பெட்டிகளுக்கு ஒலிபெருக்கியை இயக்கும் வலு இல்லை. காதிலே கருவியைப் பொருத்தித்தான் கேட்க வேண்டும். பேரக்குழந்தைகள் இன்று செய்வது பாட்டனாரின் தந்தையார் காலத்து வழக்கமேயாகும்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருவோம். சென்ற ஆண்டு, நமக்குத் தெரிந்த ஒரு தோட்டத் தொழிலாளி தம் மகளுடன் வந்தார். உயர்தர வகுப்பிற் படிக்கும் பெண். அவர் கையில் ஒரு கைத்தொலைபேசி.

"போன் கெட்டுப் போச்சு சேர். பாட்டு எல்லாம் கேக்குது, பாடந்தான் கேக்கல. புதுசு வாங்கணுமின்னு பிள்ளை சொல்லுது. அம்மாவோட தோட்டை அடகு வைக்கலாமுன்னு இருக்கோம். எந்தப் போன் நல்லதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

பாட்டுக் கேட்கும் கருவியிற் பாடம் மட்டும் கேளாமற் போவது விந்தையாகத் தோன்றியது. பெண்ணோ தலைகுனிந்து நின்றாள். பாட்டுக் கேட்கத் தெரிகிறது, பாடம் கேட்கத் தெரியவில்லையா என்று வீட்டிலே பலமுறை ஏச்சு வாங்கியிருக்கிறாள் என்பது பிறகு தெரிந்தது.

"மகள், அந்தப் பாட்டைப் போடுங்கள், கேட்போம்" என்றோம்.

ஹெட்போனைக் காதில் வைத்தால் வயலினும் தபேலாவும் ஒலிக்கின்றன. பாடுபவரின் குரலோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கித் தேய்ந்திருந்தது. பாடத்தைப் போட்டால் ஏறத்தாழ மௌனம். ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தொலைபேசியின் சொந்த ஒலிபெருக்கியிற் கேட்டால் பாடம் தெளிவாக இருந்தது. அதே ஹெட்போனை நமது தொலைபேசியிற் செருகினோம், குறை ஒன்றுமில்லை. நமது ஹெட்போனை அவர்களுடைய தொலைபேசியிற் செருகினோம். மீண்டும் அதே குறை. ஆகவே பழுது ஹெட்போனில் இல்லை. தொலைபேசி முழுவதிலும் இல்லை. இரண்டும் சேரும் துளையில் இருக்கிறது என்பது தெளிவாயிற்று. வெளிச்சம் பிடித்துப் பார்த்தபோது சட்டைப் பையின் நூற்பிசிறும் தூசியும் அடியிலே இறுகிக் கிடந்தன. தொலைபேசியை அணைத்துவிட்டு, பல்லுக்குத்தும் மரக்குச்சியால் மெல்லக் கிளறியதும் பயறளவு பஞ்சுருண்டை ஒன்று வெளிவந்தது. பின்னைச் செருகினால் 'டிக்' என்ற ஓசையுடன் முழுவதும் உள்ளே சென்றது. பாடம் கேட்டது. தோடு அடகுக் கடைக்குப் போகவில்லை.

இதன் காரணத்தை மாணவர்கள் அறிந்துகொள்வது நல்லது. ஹெட்போன் பின்னிலே கறுப்பு வளையங்களாற் பிரிக்கப்பட்ட பட்டைகள் உண்டு. இக்காலத் தொலைபேசிகளுக்குரிய பின்னில், நுனிப்பட்டை இடக்காதுக்கும் அடுத்தது வலக்காதுக்கும் உரியவை. மூன்றாவது இரண்டுக்கும் பொதுவான திரும்பும் வழி. நான்காவது பேசுவதற்குரிய மைக். பின் முழுவதும் உட்செல்லாவிட்டால் அந்தப் பொதுவழி துண்டிக்கப்படக்கூடும். அப்போது இடது, வலது ஒலிகளுக்கு இடையிலுள்ள வேறுபாடு மாத்திரமே காதுக்கு வரும். பாட்டிலே வாத்தியங்கள் ஒன்று இடப்புறம் கூடுதலாகவும் மற்றொன்று வலப்புறம் கூடுதலாகவும் பதிவாகியிருக்கும். ஆதலின் வேறுபாடு எஞ்சுகிறது. பாடகரின் குரல் இருபுறமும் சமமாகப் பதிவாவது வழக்கம். ஐந்திலிருந்து ஐந்தைக் கழித்தாற்போல் அது மறைகிறது. ஆசிரியரின் பாடத்திலோ இருபுறமும் சமமான ஒரே குரல்தான் உண்டு. எனவே பாடமே மறைந்துவிட்டது. பிள்ளை சொன்னது முற்றிலும் உண்மை.

இந்த நிகழ்ச்சியிற் கையாண்ட முறையே எல்லாப் பழுதுக்கும் பொருந்தும். ஒரு நேரத்தில் ஒன்றை மாத்திரம் மாற்றிப் பார்க்க வேண்டும். ஹெட்போனை வேறு தொலைபேசியிலும், வேறு ஹெட்போனை நமது தொலைபேசியிலும் பொருத்திப் பார்த்தால் பழுது எப்பக்கம் என்பது இரண்டு நிமிடத்தில் விளங்கும்.

ஒரு காதில் ஒலி குறைந்தால், முதலில் தொலைபேசியின் அமைப்புகளில் இடம் வலம் சமநிலைக் கோடு ஒரு பக்கமாக நகர்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். சரியாயிருந்தால் ஹெட்போனின் வலை போன்ற வாயைக் கவனிக்க வேண்டும். காதுக்குள் வைக்கும் வகைகளில் குறும்பி படிந்து ஒலி அடைபடுவது மிகச் சாதாரணம். ரப்பர் முனையைக் கழற்றிச் சோப்பு நீரிற் கழுவி உலர்த்தலாம். கருவியின் வலையை மாத்திரம் கீழ்நோக்கிப் பிடித்து, ஈரமில்லாத மென்மையான பல்துலக்கியாற் தட்டித் துடைக்க வேண்டும். ஊசியாற் குத்தலாகாது.

வயரை அசைக்கும்போது ஒலி வந்து வந்து போகிறதென்றால், உள்ளே செம்புக் கம்பி முறிந்திருக்கிறது. பெரும்பாலும் பின்னுக்கு அருகில், வயர் வளையுமிடத்திலேதான் முறியும். வானொலி திருத்துபவர் வேறொரு பின்னைப் பற்றவைத்துக் கொடுப்பார். வயரைத் தொலைபேசியிற் சுற்றி இறுக்காமல், தளர்ந்த வளையமாகச் சுருட்டி வைத்தால் இந்நிலை நெடுநாள் வராது. மின்னேற்றும்போது மாத்திரம் இரைச்சல் கேட்டால் குற்றம் சார்ஜரினது. அதைக் கழற்றிவிட்டுக் கேட்பதே பாதுகாப்புமாகும். எமது பகுதியின் மூடுபனியும் மழையும் இக்கருவிகளுக்கு ஆகா. நனைந்துவிட்டால் அடுப்பங்கரையில் வைக்காமல், துடைத்துக் காற்றோட்டமான இடத்தில் ஓரிரு நாள் உலரவிட வேண்டும்.

புதிதாக வாங்குவோர் முதலில் தம் தொலைபேசியைப் பார்க்க வேண்டும். 2016இல் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 7இல் வட்டத் துளையை நீக்கியது; பிறகு வேறு பல நிறுவனங்களும் அவ்வழிச் சென்றன. துளை இருக்குமானால், குறைந்த பணத்துக்குப் படிப்புக்கு ஏற்றது வயருள்ள ஹெட்போனே. வயரில்லாத புளூடூத் வகை வசதியானதுதான். ஆனால் அதனுள்ளிருக்கும் சிறு பற்றரி காலத்தால் நலிந்துபோகும். மலிவானவற்றில் அதனை மாற்ற இயலாது. அன்றியும், அதன் மைக்கைப் பயன்படுத்திப் பேசத் தொடங்கியதும் கேட்கும் ஒலியின் தரம் குறைவது பல கருவிகளின் இயல்பு. ஆசிரியருடன் கேள்வி பதில் நடத்தும் பிள்ளைக்கு அது இடையூறாகும்.

பெட்டியிலே '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டா. அது இளஞ்செவி கேட்கக்கூடிய எல்லை. நல்லதன் மீதும் அதையே அச்சிடுகிறார்கள், மட்டமானதன் மீதும் அதையே அச்சிடுகிறார்கள். 'ஓம்' என்ற அளவு 16 அல்லது 32 ஆக இருந்தால் தொலைபேசிக்குப் பொருந்தும். ஒலிப்பதிவுக் கூடங்களுக்கென்று செய்யப்படும் 250 ஓம் கருவிகள் தொலைபேசியில் மெல்லவே ஒலிக்கும். ரப்பர் முனைகள் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்றளவில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். முனை காதிற் சரியாகப் படியாவிட்டால் தாழ்ந்த ஒலிகள் கசிந்து வெளியேறிவிடும். நல்ல ஹெட்போனும் தகரம்போல் ஒலிக்கும்.

இவையனைத்தினும் மேலான சோதனை ஒன்றுண்டு, தமிழர்க்கே உரியது. தெளிவாகத் தமிழ் உச்சரிக்கும் ஒருவரைக் கொண்டு மலை, மழை, பல்லி, பள்ளி, கலை, களை, கழை, மரம், மறம், மனம், மணம் என்ற சொற்களைக் கலைத்துப் படிக்கச் செய்து, தொலைபேசியிற் பதிந்து கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். சத்தத்தை நடுத்தரமாக வைத்துக் கேளுங்கள். எது மலை, எது மழை என்று தடுமாறாமற் சொல்ல முடிந்தால் அந்த ஹெட்போன் படிப்புக்கு உகந்தது. மெய்யெழுத்துகளைப் பிரித்தறியச் செய்யும் ஒலிகள் பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் அமைகின்றன. 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்று விளம்பரப்படுத்தப்படும் மலிவான கருவிகள் பலவற்றில் தாழ்ந்த முழக்கம் மிகுந்து இப்பகுதியை மூடிவிடுகிறது. மேளத்துக்கு அது நன்று; இலக்கணத்துக்கு நன்றன்று. கேட்டுப் பார்க்க இடங்கொடாத கடையில் வாங்காதிருப்பதும், வாங்கியதற்குப் பற்றுச்சீட்டுப் பெறுவதும் நலம்.

இறுதியாக ஒரு சோதனை. ஒரு காதில் ஒலி குறைகிறதென்று பிள்ளை சொன்னால், ஹெட்போனை இடம் வலமாக மாற்றி அணிவித்துப் பாருங்கள். குறை மறு காதுக்கு மாறினால் பழுது கருவியில். மாறாமல் அதே காதில் நின்றால் பழுது கருவியில் இல்லை; காதிலே இருக்கிறது. அது வெறும் குறும்பியாகவும் இருக்கலாம், கேட்குந்திறன் குறைந்ததாகவும் இருக்கலாம். எண்ணெய் ஊற்றியோ குச்சி விட்டோ பாராமல் அரசாங்க வைத்தியசாலையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பிள்ளை சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதும் கவனிக்கத்தக்க அறிகுறியாகும்.

கருவிக்கு வேறு கருவி உண்டு. காதின் உள்ளே ஒலியை உணரும் நுண்மயிர் அணுக்கள் அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. வளர்ந்தோர் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதாயின் 80 டெசிபலுக்கு மேற்படாமலும், சிறுவர் 75 டெசிபலுக்கு மேற்படாமலும் கேட்பது பாதுகாப்பானது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் வகுத்த நியமம் கூறுகிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் கேட்கத்தக்க நேரம் பாதியாகும். வீட்டிலே அளவுகோல் இல்லாதவர்கள், கைநீட்டும் தூரத்தில் இருந்து அம்மா சாதாரணக் குரலில் அழைத்தால் பிள்ளைக்குக் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வைத்ததோடு நில்லாமல் கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வைத்தார். மலைநாட்டுப் பிள்ளைகள் பலருக்கு இன்று அந்தக் கேள்வி ஒரு மெல்லிய வயரின் வழியே வருகிறது. பாடம் கேட்கவில்லை என்று பிள்ளை சொன்னால் ஏசுவதற்கு முன்னர் அந்த ஹெட்போனை வாங்கி நம் காதில் ஒருமுறை வைத்துப் பார்ப்போமாக.