பரபக்கமும் வகுப்பறையும்

கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவல் 1972 இல் வெளிவந்தது. யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமையையும் அதற்கெதிரான போராட்டத்தையும் பொருளாகக் கொண்ட அந்நாவலைத் தமிழ் வகுப்பிற் பாடமாக எடுத்துக்கொள்ளும் விரிவுரையாளர் எவரும் ஓர் இக்கட்டை எதிர்நோக்கியே ஆகவேண்டும். பாத்திரப்படைப்பு, பேச்சுவழக்கு, கதைப்பின்னல் என்பன பற்றிப் பேசும்வரை வகுப்பு அமைதியாக இருக்கும். ‘இவையெல்லாம் பழங்கதை, இன்று யார் சாதி பார்க்கிறார்கள்?’ என்று ஒரு மாணவர் கூறியதும் அவ்வமைதி குலைந்துவிடும்.

அக்கூற்றை மறுக்க மற்றொருவர் எழுவார், குரல்கள் உயரும். ஆயின், உரத்துப் பேசுவோரிலும் பேசாதிருப்பவரே இங்கு கவனத்துக்குரியவர். ‘எந்த ஊர்? எந்தக் கோயிலடி?’ என்னும் வினாக்கள் வெறும் ஊர் விசாரணை அல்ல என்பதை யாழ்ப்பாணத்தார் அறிவர். அவ்வினாக்களுக்கு நழுவி விடையளித்தே பழகிய ஒருவருக்கு, இவ்விவாதத்தில் வாய் திறப்பது தம்மைத் தாமே காட்டிக்கொடுப்பதாகும். ‘நீர் சொல்லும், உமக்குத் தெரிந்திருக்குமே’ என்று அவரைச் சாட்சிக்கு அழைத்தல், நல்லெண்ணத்தோடு செய்யப்படினும், கொடுமையே.

சில விரிவுரையாளர் உடனே விவாதத்தை நிறுத்திக் குறிப்புகளைச் சொல்லி எழுதுவிப்பர். (பரீட்சைக்கு அவை பயன்படும் என்பதை மறுப்பதற்கில்லை.) நிறுத்தப்பட்ட வாதமோ விடுதியிலும் சிற்றுண்டிச்சாலையிலும் தொடரும், அங்கே அதனை நெறிப்படுத்த ஒருவரும் இரார்.

தமிழ்த் தருக்க மரபில் இதற்கு ஒரு வழி உண்டு. அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரின் பரபக்கத்தில், உலகாயதன் முதலான பிறமதத்தாரின் கொள்கைகளை முதலில் எடுத்துரைத்து, அதன் பின்னரே மறுதலை கூறுகிறார். மறுப்புக் கடுமையானதே. எனினும், எதிர்வாதம் இன்னதென்று கற்பவன் அறியாமற் போவதில்லை. வகுப்பிலும் இம்முறையைக் கையாளலாம். மறுத்துப் பேச எழுபவர், மற்றவர் கூறியதை அவரே ‘ஆம், அதுதான் என் கருத்து’ என ஏற்கும் வண்ணம் முதலில் எடுத்துரைத்தல் வேண்டும். சினம் தணிவதற்கு அந்தச் சிறுபொழுதே பெரும்பாலும் போதும். இடையில் அனைவரும் ஐந்து நிமிடம் பெயரின்றி எழுத, அவற்றை விரிவுரையாளர் தாமே வாசித்தால், மௌனமாயிருப்பவரின் கருத்தும் முகம் காட்டாது வந்து சேரும்.

இதனால் இரு பக்கமும் எப்பொழுதும் சமம் என்பது பெறப்படாது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இல் நிறைவேறிய பின்னரும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் முன் நுழைவுரிமைக்காக மக்கள் போராட வேண்டியிருந்தமை வரலாறு. வாதத்துக்குரிய அபிப்பிராயம் அன்று. அதனை விரிவுரையாளர் தயக்கமின்றிக் கூறிவிடல் வேண்டும். இன்று எஞ்சியிருப்பது எவ்வளவு, எவ்விடத்தில், எவ்வடிவில் என்பதே விவாதத்துக்கு உரியது. அதற்கு ஊகங்கள் வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் வரும் மணமகன், மணமகள் தேவை விளம்பரங்களை வகுப்புக்குக் கொண்டுவந்து, ‘பழங்கதை’ என்றவரிடமே முதலில் கொடுக்கலாம்.