பக்கம் இல்லாதவன்

நான் எந்த அணிக்கும் ரசிகன் இல்லை. ஆனால் கால்பந்து ஆட்டம் எங்கே நடந்தாலும் போவேன். கோவையில் பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் சர்வீஸ் இன்ஜினியர் வேலை. வேலை என்னை ஊர் ஊராக அனுப்பும். போகிற ஊரில் ஆட்டம் இருந்தால் ஒரு நாள் லீவு சேர்த்துக்கொள்வேன். கொச்சி கலூர், கோழிக்கோடு, மட்காவ் ஃபதோர்டா, பெங்களூரு கண்டீரவா. செல்போனில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். மைதானத்தின் பெயர், தேதி, ஸ்கோர், ஒரு படம்.

இங்கிலாந்தில் மேல்மட்ட நான்கு டிவிஷன்களில் 92 கிளப்புகள். அத்தனை மைதானங்களிலும் ஓர் ஆட்டம் பார்த்து முடிப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்திருப்பவர்கள் அங்கே உண்டு. ஜெர்மனியிலும் இந்தக் கிறுக்கு பெரிது. அவர்கள் வரிசையில் என்னையும் வைத்துப் பார்ப்பதில் எனக்கு ஒரு மிதப்பு.

மிதப்புதான். வேறு பெயர் வேண்டாம். கேலரியில் அழுகிறவர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரிப்பேன். ரெஃப்ரியின் அம்மாவைத் திட்டுகிறவர்களைக் கண்டு முகம் சுளிப்பேன். ஆட்டத்தை ஆட்டமாகப் பார்க்கிறவன் இங்கே நான் ஒருவன்தான் என்று நினைப்பு. 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி, மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் பட்டம் வாங்கியது. சென்னை சிட்டிக்கு 43 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலுக்கு 42. தமிழ்நாட்டு அணி ஒன்று அந்தப் பட்டத்தைத் தொட்டது அதுவே முதல் முறை. அதுவும் என் ஊரில். முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக் கத்தினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று இரவு நண்பனிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். "எனக்கு ஒண்ணுமே ஆகலடா."

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. பின்னால் வருவது ஒரு நொடியில் கைதவறி நடந்தது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

2022 மே 2, மஞ்சேரி பய்யநாடு மைதானம். சந்தோஷ் டிராபி இறுதி ஆட்டம், கேரளமும் வங்கமும். மறுநாள் பெருநாள். கூடுதல் நேரத்தில் வங்கம் முதல் கோலைப் போட்டது. நான் எழுந்து கைதட்டினேன். அத்தனை கூட்டத்தில் கைதட்டியவன் நான்தான் என்று தோன்றியது. பக்கத்திலிருந்த பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, மடியிலிருந்த கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கையில் கேரளம் சமன் செய்தது. பெனால்டியில் 5-4 என்று கோப்பையும் வாங்கியது. அந்தப் பெரியவரின் பெருந்தன்மையை நான் அவருடையது என்று எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குச் சேரவேண்டிய உரிமை என்று எடுத்துக்கொண்டேன். பக்கம் இல்லாதவனுக்கு எங்கேயும் இடம் உண்டு, யாரும் தொடமாட்டார்கள் என்று முடிவு கட்டினேன்.

அதற்குப் பிறகுதான் கொல்கத்தா.

அந்த ஊரின் பரம எதிரிக் கிளப்புகள் இரண்டும் மோதும் டெர்பி. எந்த ஆண்டு என்று சொல்லப்போவதில்லை. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் இரண்டில் எந்தப் பக்கத்துக் கேலரி என்றும் சொல்லமாட்டேன். சொன்னால் பழி அங்கே போய்ச் சேரும்.

அங்கே ஒரு சணல் ஆலையில் மெயின்டனன்ஸ் ஃபோர்மன் ஒருவர். எங்கள் பம்புகளை அவர்தான் கவனிக்கிறார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். தாதா என்று கூப்பிடுவேன். இந்தியில்தான் பேசிக்கொள்வோம். வார நாட்களில் கிரீஸ் படிந்த கையோடு திரிகிற மனிதர், தன் கிளப்பின் பெயரை எடுத்தால் குரல் மாறிவிடும். ரசிகர் குழு ஒன்றில் பல வருடமாக இருந்தார். ஆட்டத்துக்கு முன்னால் கேலரியில் விரிக்கும் பெரிய துணிப் படங்களுக்கு வண்ணம் அடிப்பவர்களில் அவரும் ஒருவர். டெர்பி டிக்கெட் கிடைக்காமல் நான் புலம்பியதைக் கேட்டு, "வா, என்னோட உட்காரு" என்றார். அது அவர் தம்பிக்கு வாங்கிய டிக்கெட். அப்படியானால் தம்பி எங்கே பார்ப்பார் என்று நான் கேட்கவில்லை.

லோக்கல் ரயிலில் பிதான்நகர் ரோடு வரை போனோம். வழியெல்லாம் நான்தான் பேசினேன். அவர் ஊர் ஆட்டத்தின் வரலாற்றை அவருக்கே சொல்லிக்கொடுத்தேன். 1911இல் மோகன் பகான் வெறுங்காலோடு ஆடி ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்டை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு வாங்கியது, 1975 ஷீல்டு இறுதியில் ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 5-0 என்று போட்டுத் தாக்கியது, எல்லாம். பிறகு 1980 ஆகஸ்ட் 16. ஈடன் கார்டன்ஸில் டெர்பி. ஆட்டக்காரர்களுக்குள் மூண்ட தகராறு கேலரிக்குத் தாவியது. அன்று இரு தரப்பு ரசிகர்களும் ஒரே கேலரியில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். 16 பேர் செத்தார்கள்.

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னிக்கு எங்க அப்பா அங்கே இருந்தார். செருப்பு இல்லாம வீட்டுக்கு வந்தார்."

நான் "அப்படியா" என்றேன். அடுத்து 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு சால்ட் லேக் ஸ்டேடியத்தில் கூடிய கூட்டம் 1,31,781 என்று ஆரம்பித்துவிட்டேன்.

அந்தப் பதினாறு சாவுகள் எனக்கு ஒரு தகவல். அவ்வளவுதான். இன்றைக்கு சால்ட் லேக்கில் இரு தரப்புக்கும் தனித்தனி வாசல், தனித்தனிப் பகுதி, நடுவில் போலீஸ். அந்தப் பிரிவினை யாருடைய உயிர்களைக் கொடுத்து வந்தது என்பது எனக்குத் தேதியோடு தெரியும். தெரிந்துகொண்டுதான் உள்ளே போனேன். வாசலில் அவர் என் தோளில் கை வைத்து ஒரே ஒரு விஷயம் சொன்னார். "அவங்க கோல் போட்டா, சும்மா இரு. அது போதும்." எச்சரிக்கை இல்லாமல் தப்பு செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரம். எதிரணி வலப்பக்கமிருந்து குறுக்கே ஒரு நீளப் பந்து. இடது ஓரத்தில் ஓடிவந்தவன் அதை மார்பில் வாங்கி, ஒருத்தனை வெட்டிவிட்டு உள்ளே வந்தான். பந்து தரையில் படுமுன் அடித்தான். தூர மூலையில் வலை குலுங்கியது. நான் எழுந்துவிட்டேன். இரண்டு கையும் மேலே. தமிழில் கத்தினேன். "செம கோல்டா!"

என்னையறியாமல் எழுந்தேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பாதிதான் உண்மை. எழுந்தது என்னையறியாமல் இருக்கலாம். எழுந்தபின் சுற்றிலும் ஆயிரக்கணக்கானவர்கள் உறைந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. உடனே உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. மூன்று நான்கு நொடி கைதட்டிக்கொண்டு நின்றேன். இந்தக் கூட்டத்தில் அழகைப் பார்க்கத் தெரிந்தவன் நான்தான் என்று காட்ட வேண்டியிருந்தது. அந்த மூன்று நான்கு நொடியும் முழுக்க என் ஆணவம்.

முன்வரிசையில் ஒருத்தர் திரும்பினார். பிறகு ஐந்தாறு பேர். யார் இவன், யார் கூட்டிவந்தது? அந்த அளவுக்கு வங்காளம் எனக்கும் புரியும். தாதா எழுந்து எனக்கு முன்னால் வந்து நின்றார். தன் விருந்தாளி, வெளியூர்க்காரன், தெரியாமல் செய்துவிட்டான் என்றார். தள்ளுமுள்ளு. ஒரு கை வந்தது. அது எனக்கு வந்த கை. அவர் முகத்தில் விழுந்தது. கண்ணாடி தெறித்துப் படிக்கட்டில் போனது. சட்டையைப் பிடித்து உலுக்கினார்கள். அவரோடு சேர்ந்து துணிப் படத்துக்கு வண்ணம் அடித்தவர்களும் அதில் இருந்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் திட்டினார்கள்.

நான் என்ன செய்தேன்? செல்போனை எடுத்தேன். கொச்சி, மஞ்சேரி, கோவா என்று படங்களைக் காட்டினேன். "ஐ ஆம் நியூட்ரல், ஐ ஆம் நியூட்ரல்" என்றேன். தப்பு என்னுடையது, அவரை விடுங்கள் என்று சொல்ல எனக்கு இந்தி தெரியும். சொல்லவில்லை. பயந்துவிட்டேன். என் பயத்துக்கு ஒரு கௌரவமான சட்டை மாட்டிவிட்டேன். யாரோ என்னைப் பிடித்துப் படிப்பக்கம் தள்ளி, போ என்றார்கள். போனேன். சாய்தளத்தில் இறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் திரும்ப ஏற வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வெளியே மெட்ரோ ஸ்டேஷன். சியால்தாவுக்கு ரயில் ஏறினேன். அவருக்குப் போன் செய்யவில்லை. பட்டியலைத் திறந்தேன். ஒரு மைதானம் கணக்கில் சேர முழு ஆட்டமும் பார்க்க வேண்டுமா, ஒரு பாதி போதுமா என்று என்னைப் போன்றவர்களுக்குள் எப்போதும் ஒரு வழக்கு உண்டு. அவர் முகத்தில் அடி விழுந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நான் ரயிலில் உட்கார்ந்து அந்த வழக்கை எனக்குச் சாதகமாகத் தீர்த்துக்கொண்டேன். ஒரு பாதிக்கு மேல் பார்த்தாயிற்று. சால்ட் லேக், சேர்த்தாயிற்று.

இரண்டு நாள் கழித்துப் பேசினேன். பம்பு சீல் பற்றிப் பேசினேன். கடைசியில் "அன்னிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றேன். "ஒண்ணும் இல்ல" என்றார். அந்த இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டு பல மாதம் நிம்மதியாக இருந்தேன். கம்பெனி கேன்டீனில் இதையே நகைச்சுவையாகச் சொன்னேன். என் கதையில் வெறிபிடித்த கூட்டமும் அதில் மாட்டிய அப்பாவியாக நானும் இருந்தோம். தாதா அதில் வரவே இல்லை.

அடுத்த முறை ஆலைக்குப் போனபோது அவர் பழைய ஃபிரேம் ஒன்றைப் போட்டிருந்தார். டெர்பி பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. அவரோடு வேலை செய்கிற ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. எதிராளியை உள்ளே கூட்டிவந்தவன் என்று குழுவில் பேச்சாகிவிட்டது. வண்ணம் அடிக்க அவரைக் கூப்பிடுவதில்லை. இந்தச் சண்டையால் தம்பியும் அவர்களோடு உட்காருவதை விட்டுவிட்டார். அண்ணனும் தம்பியும் இப்போது டெர்பியை வீட்டில் டிவியில் பார்க்கிறார்கள். நான் கண்ணாடிக்குப் பணம் தருகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு பம்ப் ஹவுஸ் பக்கம் நடந்தார். மன்னிப்பு என்ற சொல்லை அன்றும் நான் சொல்லவில்லை. பணத்தைப் பற்றி மட்டும் பேசினேன். அது சுலபமாக இருந்தது.

இதோடு திருந்திவிட்டேன் என்றும் எழுத முடியாது. 2024 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை, டூரண்ட் கோப்பை டெர்பி. அதற்கு விமான டிக்கெட் போட்டிருந்தேன். இந்த முறை எதிர்ப்பக்கக் கேலரியில் உட்கார்ந்து பார்ப்பதாகத் திட்டம். ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் கொல்லப்பட்டதை எதிர்த்து நகரமே தெருவில் இருந்த நேரம். பாதுகாப்புக்குப் போலீஸ் போதாது என்று ஆட்டத்தை ரத்து செய்தார்கள். எனக்கு முதலில் வந்த எண்ணம் டிக்கெட் காசு. அன்று மாலை செய்தியில் பார்த்தேன். இரு கிளப் ரசிகர்களும், நகரின் இன்னொரு கிளப்பான முகமதன் ஸ்போர்ட்டிங்கின் ரசிகர்களும், ஸ்டேடியத்துக்கு வெளியே ஒன்றாக நின்று நீதி கேட்டார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. ஜென்மப் பகை என்று நான் வேடிக்கை பார்த்தவர்கள் தோளோடு தோள் நின்றார்கள். அவர்களுக்கு ஒரு பக்கம் இருந்தது. அதனால்தான் இன்னொருவர் பக்கமும் போய் நிற்கத் தெரிந்தது. நான் ஹோட்டல் அறையை கேன்சல் செய்துகொண்டிருந்தேன்.

அந்தக் கூட்டத்தில் தாதாவின் முகத்தைத் தேடினேன். தெரியவில்லை. போன் செய்து கேட்டிருக்கலாம். செய்யவில்லை.

இதைப் படிக்கிற நீங்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் படிக்க முடியாத மொழியில், அவர் பெயரும் என் பெயரும் இல்லாமல் இதை எழுதியிருக்கிறேன். இந்தியில் நாலு வரி எழுதி அவர் செல்போனுக்கு அனுப்ப ஐந்து நிமிடம் ஆகாது. இன்னும் அனுப்பவில்லை. தீர்ப்பு சொல்லும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.