பாட்டு சரி, பந்தி?

கிறிஸ்துமஸ் நெருங்கினால் எந்த சர்ச்சிலும் இப்படி ஒரு கூட்டம் நடக்கும். வாலிபர் ஐக்கியத்தில் யாராவது ஒருவர் எழுந்து, "ஐயா, இந்த வருஷம் நம்ம சபையிலும் ஒரு கலை ஊழியம் ஆரம்பிக்கலாமே" என்பார். உடனே லிஸ்ட் தயாராகும். ஒரு கீபோர்டு, ஒரு டிரம் பேட், இரண்டு மைக், மேய்ப்பர்களுக்கு நாலு கம்பளி, தேவதூதனுக்கு ஜிகினா ஒட்டிய இறக்கை. பொருளாளர் தலையைச் சொறிவார். பட்ஜெட் பேச்சு முடிந்ததும் ஜெபம் பண்ணிவிட்டு டீ குடித்துக் கலைந்துவிடுவார்கள்.

எந்தக் கலை, யாருடைய கலை, யார் மேடை ஏறுவது என்ற கேள்வி மட்டும் அந்தக் கூட்டத்தில் வராது. ஆனால் தமிழ்நாட்டு சபைகளில் இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய 200 வயது!

முதலில் தஞ்சாவூர். 1774இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியாரை, சிறுவனாக இருந்தபோதே ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் தஞ்சாவூருக்கு அழைத்து வந்து படிக்க வைத்தார். அதே ஸ்வார்ட்ஸிடம் படித்தவர்தான் பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜி. அந்தக் காலத் தஞ்சாவூர் எப்படிப்பட்ட ஊர் என்று சொல்லத் தேவையில்லை. சியாமா சாஸ்திரி அங்கேதான் வாழ்ந்தார். சதிரும் குறவஞ்சியும் ஊரெல்லாம் ஒலித்தன. குறவஞ்சி தெரியும்தானே? தலைவனைப் பார்த்துக் காதல் கொண்டு தவிக்கும் நாயகி, அவள் கையைப் பார்த்துக் குறி சொல்லும் குறத்தி. கோயில் சுவாமியையோ மன்னரையோ தலைவனாக வைத்துப் பாடுவார்கள்.

சாஸ்திரியார் என்ன செய்தார்? அதே அச்சை எடுத்துக்கொண்டு "பெத்லகேம் குறவஞ்சி" எழுதினார். தலைவன் இயேசு. நாயகி தேவமோகினி, அதாவது சபை. நடுவில் பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸ் வானவியலும், உலக பூகோளமும்கூட வருகின்றன. குறத்தி கையால் நவீன விஞ்ஞானம்! தமிழில் கலை ஊழியம் என்று இன்று சொல்வதற்கு முன்னோடி யார் என்றால் இவரைத்தான் சொல்ல வேண்டும். பாட்டு எழுதினார், ராகம் போட்டார், ஊர் ஊராகப் பாடினார். "சுவிசேஷக் கவிராயர்" என்ற பட்டமே அவருக்கு உண்டு.

இதுவரை எல்லாப் பிரசங்கத்திலும் கேட்கும் கதைதான். இனிமேல் வருவதைத்தான் யாரும் சொல்ல மாட்டார்கள்.

1820களில் புதிய மிஷனரிகள் வந்தார்கள். பழைய ஆட்கள் விட்டுப் பிடித்த விஷயங்களில் இவர்கள் கெடுபிடி காட்டினார்கள். சாஸ்திரியாரும் அவரைச் சேர்ந்தவர்களும் இந்தப் புதியவர்கள் செய்யும் கொடுமைகள் என்று நாலு விஷயங்களை எழுதி வைத்தார்கள். ஒன்று, பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றியது. இரண்டு, கல்யாணம் முதலான காரியங்களில் பூ கூடாது என்றது. மூன்று, ஆராதனையிலும் பண்டிகையிலும் தமிழ்ப் பாட்டை நீக்கியது. நாலாவது... சபையில் எல்லா சாதியாரையும் ஒன்றாகக் கலக்கச் சொன்னது. நற்கருணைக் கிண்ணமும் அந்தச் சண்டையில் வந்தது. எல்லா சாதியாரும் ஒரே கிண்ணத்தில் குடிப்பதா?

கொஞ்சம் நின்று இதை யோசிக்க வேண்டும். "எங்கள் பாட்டை எங்களிடமிருந்து பிடுங்காதே" என்று எழுதிய அதே பேனா, "எங்களை அவர்களோடு உட்கார வைக்காதே" என்றும் எழுதியது. சாஸ்திரியார் வெள்ளாளர். அவருக்குப் பாட்டு, பூ, தனி இருக்கை எல்லாமே ஒரே மூட்டை. 'எங்கள் வழக்கம்' என்று பெயர் எழுதிய மூட்டை. மிஷனரிகளும் அதை ஒரே மூட்டையாகத்தான் பார்த்தார்கள். சாதியைத் தூக்கி எறியும்போது பாட்டையும் சேர்த்து எறிந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரு பாதி சரி, ஒரு பாதி தப்பு.

முடிவில் சாஸ்திரியாருக்கு மிஷன் வேலை போயிற்று. பழைய பள்ளித் தோழர் சரபோஜி மன்னர் ஆதரவு தந்தார். 1864 வரை வாழ்ந்தார். வேடிக்கை என்னவென்றால், அன்று நீக்கப்பட்ட அவருடைய கீர்த்தனைகளைத்தான் இன்று சபைகளில் பாமாலைப் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே வைத்துப் பாடுகிறார்கள். பாட்டு ஜெயித்துவிட்டது. அந்த நாலாவது விஷயம்?

அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. மிஷன் சம்பளம் கொடுத்தவரை மிஷன் சொன்னபடி. அரண்மனை ஆதரித்தபோது அரண்மனை தயவு. கலைக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பது எப்போதும் கலைக்குள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். இதைப் புரிந்துகொண்டவர் அதே தஞ்சாவூரில் பிற்பாடு வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர். சித்த வைத்தியர், கிறிஸ்தவர். மருந்து விற்றுச் சம்பாதித்த சொந்தப் பணத்தில் 1912 முதல் சங்கீத மாநாடுகள் நடத்தினார். 1917இல் "கருணாமிர்த சாகரம்" என்ற அந்தப் பிரம்மாண்டமான இசை ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். யாருடைய கையையும் எதிர்பார்க்காததால் அவர் நினைத்ததை எழுத முடிந்தது.

கத்தோலிக்கத் திருச்சபையில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு (1962-65) கதவு அகலமாகத் திறந்தது. 1977இல் திருச்சியில் அருட்தந்தை ஜார்ஜ் ஆரம்பித்த கலைக்காவிரி பின்னர் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த நுண்கலைக் கல்லூரியாகவே வளர்ந்தது. பைபிள் கதைகளுக்குப் பரதநாட்டியம், அதற்கு முறையான பட்டப்படிப்பு. ஒரு கலை ஊழியம் இவ்வளவு உறுதியான நிறுவனமாக நின்றது பெரிய விஷயம்தான். ஆனாலும் பரதமும் கர்நாடக இசையும் கற்றுக்கொள்ள வருஷக் கணக்கில் நேரமும் பணமும் வேண்டும். கிராமத்துச் சபையில் களை எடுத்துவிட்டு வந்து ஞாயிற்றுக்கிழமை உட்காரும் அம்மாவுக்கு அது இன்னொருவர் வீட்டு விருந்து. பார்க்கலாம், பரிமாற முடியாது.

இந்த இடத்தில்தான் மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு (1940-2005) வருகிறார். தலித் கிறிஸ்தவர். தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர் 'பரட்டை'. அவர் சொன்னது ரொம்ப எளிமையான விஷயம். மேல்நாட்டுப் பாமாலையும் சரி, சமஸ்கிருதம் கலந்த கீர்த்தனையும் சரி, கிராமத்து ஜனங்களுக்கு மேலேயிருந்து இறங்கி வருகிறவை. நாட்டுப்புறப் பாட்டு அப்படியில்லை. யாரும் கற்றுக்கொள்ளலாம், யாரும் வரியை மாற்றலாம், வாத்தியம் வாங்கக் கடன் வேண்டாம். ஆகவே ஆராதனை முறை முழுவதையும் நாட்டுப்புற மெட்டில், பேச்சுத் தமிழில் அமைத்தார். பறையையும் உள்ளே கொண்டுவந்தார்.

பறை சர்ச்சுக்குள் வருவது சாதாரண விஷயமில்லை. சாவு வீட்டில் அடி என்று சாதி சுமத்திய வேலை அது. பல ஊர்களில் கிறிஸ்தவர்களாக மாறிய குடும்பங்கள் முதலில் விட்டதே அந்தப் பறையைத்தான். "எதை விட்டுத் தப்பித்து வந்தோமோ அதையே பலிபீடத்துக்கு முன்னால் வைப்பதா?" என்று ஒரு பெரியவர் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கேள்வியைத் தாண்டிப் போகக் கூடாது. கட்டாயத்தில் அடித்த பறை வேறு, விரும்பி எடுத்து அடிக்கிற பறை வேறு என்பதுதான் அதற்கான பதில். ஆனால் அந்தப் பதிலை அந்தப் பெரியவரின் பேத்தி சொல்ல வேண்டும், மேடையில் வேடிக்கை காட்ட ஆள் தேடுகிற கமிட்டி சொல்லக் கூடாது.

திண்டுக்கல்லில் சக்தி நாட்டுப்புறக் கலை மையம் அதைத்தான் செய்கிறது. சிஸ்டர் சந்திராவும் இன்னொரு கன்னியாஸ்திரியும் ஆரம்பித்தது. படிப்பை விட்ட தலித் பெண்பிள்ளைகள் அங்கே பறை கற்கிறார்கள். அதோடு தையல், கம்ப்யூட்டர். பெண்கள் பறையைத் தொடுவதே வழக்கமில்லாத நாட்டில், அவர்கள் சலங்கை கட்டிக்கொண்டு வட்டமாக ஆடியபடி அடிக்கிறார்கள். கலையும் கைத்தொழிலும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் மேடையை விட்டு இறங்கிய பிறகும் அந்தப் பெண்ணுக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது.

அப்பாவு இன்னொன்றும் சொன்னார், 'ஒரே உலை' என்று. எல்லாரும் ஒரே உலையில் பொங்கி ஒன்றாகச் சாப்பிட வேண்டும். 'அன்றன்றுள்ள அப்பம்' என்பதற்கே அவர் அந்த அர்த்தம்தான் கொடுத்தார். ஞாபகம் இருக்கிறதா, சாஸ்திரியார் கால ஒரே கிண்ணச் சண்டை? ஏறக்குறைய 170 வருஷம் கழித்து அந்த நாலாவது விஷயத்துக்கு ஒரு பாட்டுக்காரரே பதில் சொல்லியிருக்கிறார். பாட்டையும் வைத்துக்கொள், பந்தியையும் ஒன்றாக்கு. மூட்டையை அவிழ்த்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, வேண்டாததைப் போட்டுவிட்டார்.

சரி, காஞ்சிபுரத்துக்கு வருவோம். கோயில் ஊர், பட்டு ஊர் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஸ்காட்லாந்து மிஷன் 19ஆம் நூற்றாண்டிலேயே வந்த ஊரும்கூட. ஆண்டர்சன் பள்ளி இன்னும் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறது. இந்த ஊரில் ஒரு சபை கலை ஊழியம் ஆரம்பிக்க நினைத்தால் அதற்குப் பஞ்சமே இல்லை. பாலசரஸ்வதி 1925இல் அரங்கேறியது இங்கே காமாட்சியம்மன் கோயிலில்தான். தஞ்சாவூர் சியாமா சாஸ்திரி வழிபட்ட பங்காரு காமாட்சியும் இங்கிருந்து போனவள்தான். ஊருக்கு வெளியே புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் (1990) இருக்கிறது. கூத்துக் கலைஞர் ராஜகோபால் அங்கே 2002இல் ஆரம்பித்துப் பல வருஷம் நடத்திய குருகுலத்தில் ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளும் கூத்தும் படித்தார்கள், பள்ளிப் பாடமும் படித்தார்கள். விடிய விடிய மகாபாரதம் நடக்கும் மண்ணில், யோசேப்பு சகோதரர்களிடம் அழுகிற காட்சியைக் கட்டைக்கூத்தில் போட்டால் எப்படி இருக்கும்! யாராவது இதைச் செய்து பார்க்க வேண்டும்.

ஆனால் கீபோர்டு லிஸ்ட் போடுவதற்கு முன்னால் வேறொரு லிஸ்ட் போட வேண்டும். சபையில் ஏற்கெனவே பாடத் தெரிந்தவர் யார், ஒப்பாரி தெரிந்த பாட்டி யார், தறியில் உட்கார்ந்தபடி மெட்டுக் கட்டுகிறவர் யார், பறை அடிக்கத் தெரிந்தும் வெளியே சொல்லாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் யார்? அக்கவுண்ட்ஸ் பாஷையில் சொன்னால், கீபோர்டு வாங்கிய நாளிலிருந்தே தேய்மானம் எழுத வேண்டிய சொத்து. இந்த ஆட்கள் எந்தப் பேரேட்டிலும் ஏறாத சொத்து. அதோடு வெளியிலிருந்து வரும் கலைஞருக்கு "ஊழியம்தானே" என்று சொல்லாமல் கூலியைக் கையில் கொடுக்க வேண்டும். வாடகை மைக்செட்டுக்கு யாரும் ஊழியம் என்று சொல்லிக் காசு கொடுக்காமல் இருப்பதில்லை.

காஞ்சிபுரத்தில் நல்ல பட்டுச்சேலைக்குக் கோர்வை பார்த்து வாங்குவார்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் தறியிலேயே இழைக்கு இழை கோத்துப் பிணைப்பார்கள். அதை ஒருவர் தனியாக நெய்ய முடியாது, கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். வேலை கூடும், கூலி கூடும். அதனால்தான் கோர்வை இல்லாத சேலை மலிவு.

நிகழ்ச்சி நன்றாக நடந்ததா என்று தெரிந்துகொள்ளக் கைதட்டலை எண்ண வேண்டாம். அது முடிந்த பிறகு பந்திக்குப் போய்ப் பாருங்கள். பறை அடித்தவரும் பொருளாளரும் ஒரே வரிசையில் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறார்களா? உட்கார்ந்திருந்தால் கலை ஊழியம் ஆரம்பமாகிவிட்டது. இல்லையென்றால் நடந்தது வெறும் கலைநிகழ்ச்சி. உங்கள் ஊரில் எப்படி?