ஆயாவின் 22 நிமிஷம்

முதல்லயே சொல்லிடறேன், நான் பி.காம் மாணவன். ஒலிப்பதிவில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆடாசிட்டி மட்டும்தான், அதுவும் இலவசம் என்பதால் :-)

போன வருஷம் ஆடி மாசம், கடத்தூர் வீட்டில் எங்க ஆயா பேசியதை போனில் பதிவு செய்தேன். தாத்தா வெற்றிலைக் கூடையைத் தூக்கிக்கொண்டு மொரப்பூர் ரயிலடிக்குப் போன கதை. 22 நிமிஷம். ஆயாவுக்குப் பல் கிடையாது, வெற்றிலையை இடித்துத்தான் போடும். அதனால் நடுநடுவே 'டொக் டொக்'. மேலே கடகடவென்று ஃபேன்.

அந்த ஃபேனை ஒழிக்கலாம் என்றுதான் லேப்டாப்பில் ஏற்றினேன்.

ஆடாசிட்டி வெளிவந்தது 2000-ல். பாட்டு ஓடும்போதே எஃபெக்டைப் போட்டுக் கழற்றும் வசதி அதற்குக் கிடைத்தது 2022-ல், 3.2 பதிப்பில்தான். அதுவரை எல்லாமே ஆஃப்லைன். அதாவது, தேர்ந்தெடுத்த துண்டை முழுக்கக் கணக்குப் போட்டு, பழைய எண்களை எடுத்துவிட்டு புது எண்களை அங்கே வைத்துவிடும். நொடிக்கு 44,100 எண்கள். 22 நிமிஷத்துக்கு 5 கோடியே 82 லட்சம் சொச்சம்! சில வேலைகளுக்கு இதைத் தவிர வழியும் இல்லை. பேச்சைத் தலைகீழாக ஓட்டணும் என்றால் கடைசிச் சொல் முதலில் கையில் இருக்கணுமே.

எங்க பாஷையில் சொல்றேன். தேய்மானத்தை இரண்டு விதமாக எழுதலாம். சொத்துக் கணக்கிலேயே கழித்துவிடலாம், அல்லது தனிக் கணக்கில் சேர்த்துக்கொண்டே போகலாம். இரண்டாவது முறையில் மெஷினை என்ன விலைக்கு வாங்கினோம் என்பது பத்து வருஷம் கழித்தும் ஏட்டில் அப்படியே நிற்கும். முதல் முறையில் மிச்சம் மட்டும்தான் தெரியும். ஆஃப்லைன் எஃபெக்ட் முதல் ரகம். (இண்டர்னல் தேர்வில் இந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவன் நான். சிரிக்காதீங்க.)

இரைச்சலை நீக்க, ஃபேன் மட்டும் கேட்கும் இரண்டு நொடியை முதலில் மாதிரியாகக் காட்டணும். அந்த இரைச்சல் எந்தெந்த அலைவரிசையில் எவ்வளவு இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, பிறகு பதிவு முழுக்க அதைத் தாழ்த்தும். கொஞ்சமாகச் செய்தால் அருமையான சாதனம். நான் 30 டெசிபல் வரைக்கும் இழுத்தேன். ஃபேன் போச்சு. கூடவே ஆயாவின் மூச்சும் போச்சு. குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிட்டது. எனக்கு அப்போது அது 'க்ளியர்' என்று பட்டது!

அதோடு விட்டேனா? மௌனத்தைச் சுருக்கும் எஃபெக்ட் ஒன்று இருக்கு, அதையும் போட்டேன். 22 நிமிஷம் 15 ஆனது. சேமித்தேன், மூடினேன். ப்ராஜெக்டை மூடினால் செய்ததைத் திரும்பப் பெறும் வரலாறும் சேர்ந்து போய்விடும் என்பது அப்போது தெரியாது. போனில் இடம் இல்லை என்று மூலப் பதிவையும் அழித்துவிட்டேன்.

தை மாசம் ஆயா போய்ச் சேர்ந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது அதைப் போட்டுக் காட்டினேன். அத்தை அழுதாங்க. அப்பா கடைசிவரை கேட்டுவிட்டு, "எங்கம்மா இவ்ளோ வேகமா பேசாதேடா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

தாத்தா செத்த இடத்தைச் சொல்லும்போது ஆயா நிறுத்தியது எனக்கு ஞாபகம் இருக்கு. உரலை எடுத்து, ஒன்றும் பேசாமல் இடித்தது. எவ்வளவு நேரம் என்று ஞாபகம் இல்லை. இப்போதைய பதிவில் அந்த இடத்தில் இடி தையல் மெஷின் மாதிரி ஓடுகிறது, அடுத்த வார்த்தை உடனே வந்துவிடுகிறது.

போன வாரம் வகுப்புத் தோழன் ஒருத்தன் தன் பழைய வாட்ஸப்பைத் தேடிப் பார்த்தான். பதிவு செய்த அன்றைக்கே ஒரு துண்டை அவனுக்கு வெட்டி அனுப்பியிருந்தேனாம், நான் மறந்தே போயிருந்தேன். 43 நொடி. தாத்தா கதை அதில் இல்லை. வெற்றிலை விலையைத் திட்டிக்கொண்டிருக்கிறது ஆயா. ஃபேன் கடகடவென்று ஓடுகிறது, நடுவில் ஒரு இடத்தில் ஏழு நொடிக்குப் பேச்சே இல்லை.

அப்பாவுக்கு அதைத்தான் அனுப்பியிருக்கிறேன்.