ஏழே நாளில்!

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

விளம்பரம் கண்ணில் படாத நாள் ஒன்று உண்டா? காலையில் பால் உறை, பள்ளிக்கு வரும் வழியில் பேருந்தின் முதுகு, மாலையில் அம்மாவின் கைப்பேசி, இரவில் தொலைக்காட்சி என்று திரும்பிய பக்கமெல்லாம் விளம்பரந்தான். ‘அத்தனையும் பொய்’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாங்களும் அப்படியே சொல்லிவிட்டு, கடைக்குப் போனால் அதே சோப்பைத்தான் கேட்டு வாங்கி வருவோம். ஆனால் இக்கட்டுரை பிறர் செய்த விளம்பரத்தைப் பற்றியது அன்று. பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவினராகிய நாங்களே செய்த விளம்பரத்தைப் பற்றியது.

ஆண்டுதோறும் நம் பள்ளியில் நடைபெறும் விற்பனைச் சந்தையை வாசகர்கள் அறிவீர்கள். அதில் கிடைக்கும் பணம் முழுவதும் முதியோர் இல்லத்துக்குப் போகிறது. இவ்வாண்டு ஒன்பதாம் வகுப்பார் முறுக்குக் கடை வைத்தார்கள். நாங்கள் குளியல் பொடி விற்பது என்று தீர்மானித்தோம். எங்களில் ஒருத்தியின் பாட்டி பக்குவம் சொன்னார். பச்சைப் பயறு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, வெட்டிவேர், காய்ந்த ரோஜா இதழ் ஆகியவற்றை மொட்டை மாடியில் மூன்று நாள் வெயிலில் உலர்த்தினோம். காக்கை விரட்டவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. ‘மிளகாய் அரைத்த மிஷினில் போட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான், ஊரே எரிந்துபோகும்!’ என்று பாட்டி மூன்று முறை எச்சரித்து மில்லுக்கு அனுப்பினார். இரண்டு முறை சலித்து, 100 கிராம் வீதம் 120 பொட்டலங்கள் போட்டோம். பொட்டலம் 40 ரூபாய். பொடி நல்ல பொடி. அதில் ஒரு குறையும் இல்லை.

சந்தைக்கு முன்தினம் ஒவ்வொரு வகுப்பும் தன் கடையைப் பற்றி மேடையில் மூன்று நிமிடம் விளம்பரம் செய்யலாம் என்று மதர் அறிவித்தார்கள். எங்கள் நாடகத்தின் யோசனை யாருடையது என்று இப்போது கேட்டால் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. கதை இதுதான்: மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். கறுப்பான பெண் தலைகுனிந்து காபித் தட்டோடு வருகிறாள். மாப்பிள்ளையின் அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்து போகிறார். பெண் அழுகிறாள். தோழி ஒருத்தி பொட்டலத்தை நீட்டுகிறாள். பெண் ஒரு புடவைத் திரைக்குப் பின்னால் போகிறாள். ‘ஏழே நாளில்!’ என்று எல்லாரும் கத்துகிறோம். திரை விலகினால், எங்கள் வகுப்பிலேயே சிவப்பான பெண் சிரித்தபடி வெளியே வருகிறாள்!

அரங்கமே அதிர்ந்தது. கைதட்டல் எங்களுக்குத்தான் அதிகம். மறுநாள் பதினொரு மணிக்குள் 120 பொட்டலங்களும் தீர்ந்தன. 4,800 ரூபாயை மதரிடம் கொடுத்துவிட்டு, எங்களைவிடக் கெட்டிக்காரிகள் இந்த ஊரில் இல்லை என்ற நினைப்போடு வீடு திரும்பினோம்.

ஒன்பதாம் நாள் மதிய இடைவேளையில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எங்கள் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். கையில் பாதி தீர்ந்த பொட்டலம். கன்னங்கள் இரண்டும் சொரசொரவென்று தடித்திருந்தன. தினமும் மூன்று வேளை பீர்க்கை நாரால் தேய்த்திருக்கிறாளாம்! எங்கள் நாடகத்தில் கறுப்புப் பெண்ணாக நடித்த தோழியை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

“அக்கா, நாடகத்துல வந்தது நீங்கதானே?”

“ஆமாம்மா.”

“அப்ப ஏன் இன்னும் இப்படியே இருக்கீங்க? நீங்க பொடி போடலையா?”

எங்களில் சிலருக்குச் சிரிப்பு வந்தது என்பதை மறைப்பதற்கில்லை. தோழி மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். “அது நாடகம்மா. திரைக்குப் பின்னாலிருந்து வந்தது வேற அக்கா” என்றாள். “அப்ப பொய்யா?” என்றாள் சிறுமி. ஒருவரும் பதில் சொல்லவில்லை. தன் உண்டியலை உடைத்து அந்த 40 ரூபாயை எடுத்ததாக அவள் சொன்னபோதுதான் எங்களுக்கு வயிற்றைப் பிசைந்தது.

அன்று மாலை தோழியிடம் மன்னிப்புக் கேட்கப் போனோம். போன இடத்திலும் எங்கள் புத்தி எங்களை விடவில்லை. ‘நீயும்தானே சிரித்தாய்? நீயும்தானே நடிக்கச் சம்மதித்தாய்?’ என்று ஒருத்தி கேட்டுவிட்டாள். அவள் சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறோம். (பெயர் வேண்டாம் என்றாள், எழுதச் சம்மதம் தந்தாள்.)

“சிரிக்காமல் இருந்திருந்தால் தொட்டாற்சிணுங்கி என்று சொல்லியிருப்பீர்கள். வசனம் நான் எழுதுகிறேன் என்று முதல் நாளே கேட்டேன். ‘உனக்கென்றே ஒரு வேடம் இருக்கிறது’ என்றீர்கள். கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஐந்து வருடமாய் நான் இடையன். மாதா வேடத்துக்கு ஒரு தடவையாவது என் பெயரை யாராவது சொன்னீர்களா?”

நாங்கள் சொன்னதில்லை. அவள் மனத்தில் அப்படி ஓர் ஆசை இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

விஷயம் சிஸ்டர் காதுக்குப் போயிற்று. திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தோம். திட்டவில்லை. “மேடையில் பார்த்தபோது நானும்தான் சிரித்தேன். விளம்பரம் செய்கிறவர்களுக்கு ஏதாவது வரம்பு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். எனக்கும் சேர்த்துத் தேடுங்கள்” என்றார்கள். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

ஒரு வாரம் நூலகத்திலும் கணினி அறையிலும் உட்கார்ந்தோம். முதலில் எங்கள் அறிவியல் ஆசிரியையே ஒரு குட்டு வைத்தார்கள். தோலின் நிறத்துக்குக் காரணம் மெலனின் என்ற நிறமி. அதை உண்டாக்கும் செல்கள் தோலுக்கு உள்ளே இருக்கின்றன. கறுப்பு நிறத்தாருக்கும் வெளுத்த நிறத்தாருக்கும் அந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை உண்டாக்கும் நிறமியின் அளவிலும் வகையிலும்தான் வேறுபாடு. பயற்ற மாவு மேல்தோலில் இருக்கும் அழுக்கையும் எண்ணெய்ப் பசையையும் எடுக்கும். நிறமியைத் தொடவும் முடியாது. பரீட்சையில் கேட்டிருந்தால் நாங்களே சரியாக எழுதியிருப்போம். மேடை ஏறியதும் மறந்துபோயிற்று!

பிறகு சட்டதிட்டங்கள். விளம்பரத் துறையினர் தாங்களாகவே கூடி 1985-ல் ‘இந்திய விளம்பரத் தரநிர்ணய கவுன்சில்’ என்ற அமைப்பை உண்டாக்கினார்கள். தவறான விளம்பரத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் அதனிடம் முறையிடலாம். அந்த அமைப்பு 2014-ல் நிறப் பூச்சு விளம்பரங்களுக்கென்றே விதிகள் வெளியிட்டது. கறுப்பு நிறத்தாரை அழகற்றவராகவோ வருத்தத்தில் இருப்பவராகவோ காட்டக்கூடாது. நிறத்தால் அவர்களுக்குத் திருமணமோ வேலையோ கைகூடாததுபோல் காட்டக்கூடாது. பூசுவதற்கு ‘முன்’ என்று காட்டும் முகத்தை வாட்டமாகக் காட்டக்கூடாது. எங்கள் நாடகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மூன்றே நிமிடத்தில் ஒன்று விடாமல் மீறியிருந்தோம்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கடுமையானது. மக்களை ஏமாற்றும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. செய்தவருக்கு மட்டுமல்ல, விளம்பரத்தில் வந்து பரிந்து பேசும் பிரபலங்களுக்கும் அபராதம் உண்டு. இதைப் படித்ததும் எங்கள் சிவப்புத் தோழி, “எனக்குமா பத்து லட்சம்?” என்று அலறிய அலறலில் நூலகப் பொறுப்பாளர் எங்களை வெளியே அனுப்பப் பார்த்தார்.

ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் கடைக்கு வந்தது என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டோம். எங்கள் அம்மாக்கள் பிறந்து வளர்ந்த காலம் முழுவதும் அந்தப் பெயர் இருந்திருக்கிறது. 2020-ல் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை நீக்கி க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றினார்கள். எங்களில் ஒருத்தியின் அத்தை இன்றைக்கும் கடையில் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார். எங்கள் நாடகத்தை நாங்கள் எங்கிருந்தும் எழுத்துக்கு எழுத்து எடுக்கவில்லை; பார்த்துப் பார்த்து மனத்தில் படிந்திருந்தது, தானாக வந்துவிட்டது. சொந்தக் கற்பனை என்று நினைத்துக்கொண்டோம்!

அப்படியானால் உண்மையை மட்டும் சொல்லி விளம்பரம் செய்யவே முடியாதா? அது சப்பென்று இருக்காதா? இந்தச் சந்தேகத்தில் தேடியபோது எங்களுக்கு ஒரு புதையல் கிடைத்தது. 1960-ல் அமெரிக்காவில் வோக்ஸ்வாகன் காருக்கு வந்த விளம்பரம் அது. டாயில் டேன் பெர்ன்பாக் என்ற நிறுவனத்தார் செய்தது. படத்தில் ஒரு கார். கீழே ஒரே சொல்: ‘லெமன்’. அமெரிக்கப் பேச்சு வழக்கில் லெமன் என்றால் பழுதான சரக்கு. தன் காரைத் தானே பழுது என்று சொல்லும் விளம்பரம் உண்டா? கீழே சிறிய எழுத்தில் காரணம் இருந்தது. உள்ளே சாமான் வைக்கும் பெட்டியின் பளபளப்புத் தகட்டில் ஒரு சிறு மாசு. பரிசோதகர் கண்டுபிடித்து அந்தக் காரை ஒதுக்கிவிட்டார். இவ்வளவு கவனித்துத்தான் விற்கிறோம் என்று பொருள். நாங்கள் மாறி மாறிப் படித்து வியந்தோம். ஒரு குறையை ஒளிக்காமலே எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார்கள்!

எங்கள் மகிழ்ச்சி இரண்டு நாள்தான் நீடித்தது. 2015-ல் அதே வோக்ஸ்வாகன் நிறுவனம் என்ன செய்தது என்று பாருங்கள் என்றார் கணினி ஆசிரியர். பார்த்தோம். புகைப் பரிசோதனையின்போது மட்டும் நச்சுப் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை டீசல் கார்களில் பொருத்தியிருந்தார்கள். உலகெங்கும் அத்தகைய கார்கள் ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம். அமெரிக்காவில் அவற்றைத் ‘தூய டீசல்’ என்று விளம்பரம் செய்து விற்றிருந்தார்கள். அந்த விளம்பரங்களும் திறமையானவர்கள் செய்தவைதாமே? ஒரே பெயர், ஒரே கார்க் கம்பெனி. எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ‘லெமன்’ விளம்பரத்தை வகுப்புப் பலகையில் ஒட்டுவதாக இருந்தோம், ஒட்டவில்லை.

மதரின் அனுமதியோடு காலை வழிபாட்டில் ஓர் அறிவிப்புச் செய்தோம். நிறம் மாறும் என்று நம்பிப் பொடி வாங்கியவர்கள் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்றோம். ஒன்பது பேர் வந்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் சிறு பிள்ளைகள். ஒருவர் பெற்றோர்; அவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். 360 ரூபாயும் எங்கள் கைக்காசு.

சாமான் மீதி இருந்ததால், விளையாட்டு விழாவன்று 60 பொட்டலங்கள் மட்டும் மீண்டும் விற்கச் சிஸ்டர் இசைந்தார்கள். இம்முறை விளம்பர வாசகம் எழுதும் பொறுப்பைத் தோழியிடம் கொடுத்தோம். அவள் எழுதிவந்ததைப் பார்த்ததும் எங்களுக்குள் பெரிய சண்டை. ‘முதல் வரியைப் படித்தவர்கள் இரண்டாம் வரிக்கு வரமாட்டார்கள்’ என்றாள் ஒருத்தி. ‘இல்லத்துப் பாட்டிகளுக்குத்தானே பணம் போகிறது? அவர்களுக்காகக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன பாவம்?’ என்றாள் இன்னொருத்தி. இந்தக் கேள்விக்கு எங்களில் சிலருக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. ஆனால் தோழி ஓர் எழுத்தையும் மாற்ற மறுத்துவிட்டாள். அட்டையில் அவள் எழுதியது இதுதான்:

‘இந்தப் பொடி உங்கள் நிறத்தை மாற்றாது. அழுக்குப் போகும். வாசனை நாள் முழுவதும் நிற்காது. மதியம் வரை நிற்கும். கண்ணில் பட்டால் எரியும். மிளகாய் மில்லில் அரைத்தது அல்ல.’

கடைசி வரியைப் படித்துப் பெற்றோர் பலர் வாய்விட்டுச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் வாங்கினார்கள். மாலைக்குள் 43 பொட்டலங்கள் விற்றன, 1,720 ரூபாய். மீதி 17-ஐ நாங்களே பங்கிட்டுக்கொண்டோம்.

கடை கட்டும் நேரத்தில் அந்த ஐந்தாம் வகுப்புச் சிறுமி வந்தாள். கன்னம் ஆறியிருந்தது. அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“அப்ப இது என்னதான்க்கா செய்யும்?”

“அழுக்குப் போகும்” என்றாள் தோழி.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

கையிலிருந்த காசை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டு, சிறுமி முறுக்குக் கடைப் பக்கம் ஓடினாள்.