தயக்கமின்றிக் கை நனைக்கும் ஊர்



நாகமலை புதுக்கோட்டையில் வசிக்கும் எங்கள் குடும்பம், இன்ஷா அல்லாஹ், வரும் கோடை விடுமுறையில் வெளிநாடு செல்ல எண்ணியுள்ளது. பிள்ளைகளுக்குச் சாப்பாடுதான் பயணத்தின் பாதி. ஆசியாவின் சிறந்த உணவு நகரங்கள் என்று வெளியாகும் பட்டியல்களைத் திரட்டி என் முன் வைத்தார்கள்: டோக்கியோ, பாங்காக், தாய்ப்பே, சிங்கப்பூர், பினாங்கு. ருசியை அளக்கும் அப்பட்டியல்கள், எழுபது வயதைக் கடந்த என் தாயார் அங்கே எதை உண்பார் என்பதைச் சொல்வதில்லை.

அம்மா பேணுதல் மிக்கவர். சந்தேகமானதை விட்டுச் சந்தேகமற்றதை நாடுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்து வருபவர். வெளிமாநிலப் பயணங்களில், உறுதி கிடைக்காத கடைகளில் நாங்கள் சைவச் சாப்பாட்டை வாங்கிக்கொள்ளும்போது, அவர் இரண்டு வாழைப்பழங்களோடு "பசியில்லை" என்று கூறிவிடுவார். ஆகவே எங்கள் வீட்டுக்கான அளவுகோல் ஒன்றை வகுத்துக்கொண்டேன்: குடும்பத்தில் மிகுந்த பேணுதலுடையவர் எந்த ஊரில் வயிறார உண்ண இயலுமோ, அதுவே எங்களுக்குச் சிறந்த உணவு நகரம்.

இந்த அளவுகோலை வைத்ததும் பட்டியலின் வரிசை மாறிவிட்டது. ஜப்பானியச் சமையலில் மிரின் என்னும் இனிப்பு அரிசி மது பல குழம்புகளில் கலக்கப்படுகிறது. மீன் உணவுதானே என்று அமர்ந்துவிட முடியாது. தாய்ப்பேயிலும் பாங்காக்கிலும் பன்றிக் கொழுப்பும், ஒரே சட்டியில் பலவற்றைப் பொரிப்பதும் சாதாரணம். அங்கும் ஹலால் கடைகள் உண்டு. ஆயினும் ஒவ்வொரு வேளையும் தேடி அலைய வேண்டும். முதியவரை அழைத்துச் செல்வோருக்கு அது எளிதன்று.

சிங்கப்பூரில் தேடல் குறைவு. அங்குள்ள இஸ்லாமிய சமய மன்றம் (முயிஸ்) ஹலால் சான்றிதழ் வழங்குகிறது. 2020-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற அந்நாட்டு உணவங்காடிப் பண்பாட்டில், உண்ட தட்டுகளைத் திருப்பி வைக்கவும் ஹலால் உணவுக்குத் தனி அடுக்கு இருப்பதைக் காணலாம். பல மதத்தார் ஒரே கூரையின் கீழ் அவரவர் பேணுதலோடு உண்ணும் ஏற்பாடு அது.

கொழும்பு நமக்கு இன்னும் அருகில். இடியாப்பமும் சம்பலும் வட்டலாப்பமும் அம்மாவின் நாவுக்கு அந்நியமல்ல. இலங்கை முஸ்லிம்களின் விருந்துகளில் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து பலர் உண்ணும் வழக்கம், ஒருவரின் உணவு இருவருக்குப் போதும் என்ற நபிமொழியின் நடைமுறை விளக்கமாகும்.

எனினும் எங்கள் தேர்வு பினாங்கு. அங்கே புகழ்பெற்ற நாசி கண்டார், தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் கம்பின் இரு முனைகளிலும் சோறும் கறியும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து விற்ற உணவு. பல குழம்புகளைச் சோற்றின் மேல் கலந்து ஊற்றுவதே அதன் தனிச்சுவை. அந்நாட்டில் இந்திய முஸ்லிம் கடைகளைக் குறிக்கும் 'மாமாக்' என்ற சொல்லும் நம் 'மாமா' தான். 1801-ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொண்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அந்த முன்னோரின் நினைவைத் தாங்கி நிற்கிறது. உணவும் தொழுகையும் நடந்து செல்லும் தொலைவிலேயே கிடைக்கின்றன. அங்கும் கண்ணை மூடிக்கொண்டு நுழைய வேண்டாம். மலேசியாவின் ஜாக்கிம் ஹலால் சான்றிதழ் கடையில் இருக்கிறதா என்று பார்ப்பது நலம்.

பிள்ளைகளுக்கு ஒன்றை மட்டும் கூறியிருக்கிறேன். நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், விரும்பாவிட்டால் விட்டுவிடுவார்கள். ஆகவே கடைக்குக் கடை மதிப்பெண் போட்டு, நான்கு வாய் உண்டு மிச்சத்தைக் கொட்டும் பழக்கம் நமக்கு வேண்டாம். உண்பதையும் பருகுவதையும் அனுமதித்த அல்லாஹ், அதே வசனத்தில் (7:31) விரயத்தைத் தடுத்திருக்கிறான்.

பயணம் செல்ல எண்ணும் குடும்பத்தாருக்கு என் வேண்டுகோள் இதுவே: ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன், பயணங்களில் "பசியில்லை" என்று சொல்பவர் உங்கள் வீட்டில் யார் என்று பாருங்கள். முதலில் அவரிடம் கேளுங்கள். அனைவரின் பயணத்தையும் அல்லாஹ் பரக்கத் உள்ளதாக ஆக்குவானாக. ஆமீன்.